நகையை அடகு வைத்து கோடிங் படிக்கலாமா? நான்கு வழிகளின் கணக்கு

ஒரே மாதத்தில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதலில் திண்டிவனத்தில் பி.எஸ்சி. கணிதம் முடித்த ஒரு பெண். "அண்ணா, சென்னையில ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஃபுல் ஸ்டாக் கோர்ஸ், ஆறு மாசம், நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்னு சொல்றாங்க. அப்பா நகையை வச்சுத் தர்றேங்கறார். சேரலாமா?" (ஃபுல் ஸ்டாக் என்றால் ஒரு இணையதளத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் செய்வது.) அடுத்தவர் திருச்சித் தம்பி. மெக்கானிக்கல், 56 சதவீதம், படிப்பு முடிந்து மூன்று வருடம் ஆகிறது, கடைசி அரியரைப் போன வருடம்தான் முடித்தார். மூன்றாமவர் சென்னையில் ஒரு பி.பி.ஓ.வில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார். பி.காம்., வயது 32, மனைவி, ஒரு குழந்தை. "சார், இந்த வயசுல இதெல்லாம் நடக்குமா?"

நான் பன்னிரண்டு வருடமாக ப்ரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். கடைசி ஐந்து வருடமாக ஃப்ரெஷர்களை இன்டர்வியூ எடுக்கிற வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. நானும் ஒரு காலத்தில் காசு கட்டி ஜாவா கோர்ஸில் உட்கார்ந்தவன்தான். இடத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் சொன்ன பிளேஸ்மென்ட் என்பது, ஊருக்கே தெரிந்த வாக்-இன் அறிவிப்புகளை எஸ்.எம்.எஸ்.ஸில் எனக்கும் அனுப்புவது என்று பிறகுதான் புரிந்தது. ஆனாலும் அந்த ஆறு மாதம் வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஏன் என்று கீழே வரும்.

## முதலில் அளவுகோல்

பயிற்சி நிலையம், சொந்தமாகப் படிப்பது, எம்.சி.ஏ., குறைந்த சம்பளத்தில் நுழைவது என்று வழி நான்கு. ஃபீஸை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

மொத்தச் செலவு முதலாவது. ஃபீஸ், அதன் மேல் ஜி.எஸ்.டி., தங்குகிற செலவு, சம்பளம் இல்லாமல் போகும் மாதங்கள் எல்லாம் சேர்த்து. இரண்டாவது, வாசல்: உங்கள் ரெஸ்யூமே எச்.ஆர். வடிகட்டியைத் தாண்டி ஒரு மனிதர் கண்ணில் படுமா? மூன்றாவது, வேலையில் உண்மையாகவே தேவைப்படுகிற திறமை அந்த வழியில் வருமா? நான்காவது, நடுவில் விட்டுவிடாமல் முடிப்பீர்களா? ஐந்தாவது, வேலை கிடைக்காமலே போனால் கையில் என்ன மிஞ்சும்?

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விளம்பரங்கள் பேசாத இடம் அதுதான்.

இன்டர்வியூவுக்கு வருகிறவர்களிடம் நான் ஒரு சின்ன ப்ரோகிராமைக் கொடுப்பேன். நான்கு ஃபைல், மொத்தம் முந்நூறு வரி இருக்கும். ஒரு கடையின் தினசரி விற்பனைக் கணக்கு. கடைக்காரரின் புகார் இது: "நள்ளிரவுக்கு அப்புறம் வர்ற ஆர்டரெல்லாம் முந்தின நாள் கணக்குல போய் உக்காருது." கோளாறு எளிதானது. சர்வர் நேரத்தை யு.டி.சி.யில், அதாவது உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. பத்தாம் தேதி அதிகாலை இரண்டு மணி ஆர்டர், சர்வருக்கு ஒன்பதாம் தேதி இரவு எட்டரை. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரைக்கும் வருகிற எல்லாமே இப்படி ஒரு நாள் பின்னால் போய்விடும்.

வேலை என்பது பெரும்பாலும் இதுதான். யாரோ எழுதி, எழுதியவர் கம்பெனியை விட்டே போய்விட்ட கோடு, அதாவது ப்ரோகிராம் வரிகள். சரியாக எழுதப்படாத ஒரு டிக்கெட், அதாவது புகார்க் குறிப்பு. லாகை (ப்ரோகிராம் ஓடும்போது பதிவாகிற குறிப்புகளை) படிக்க வேண்டும், தவறை முதலில் நம் மெஷினில் வரவழைத்துப் பார்க்க வேண்டும், இரண்டு வரி மாற்றினால் மற்ற எதுவும் உடையவில்லை என்று காட்ட வேண்டும். வெற்றுத் திரையில் முதல் வரியிலிருந்து எழுதுகிற பாக்கியம் வருடத்துக்கு ஓரிரு முறை வந்தால் அதிகம்.

பயிற்சி நிலையங்களிலிருந்து வருகிறவர்களில் பலர் என்ன செய்கிறார்கள்? "இது ரியாக்டா சார்?" என்று, கோர்ஸில் படித்த டூலின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். அப்புறம் ஒரு ஃபைலை முழுசாக அழித்துவிட்டுத் திரும்ப எழுத ஆரம்பிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆறு மாதமும் புதிதாகக் கட்டத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் குளோன் (நகல்), வானிலை ஆப், டூ-டூ லிஸ்ட்: எல்லா ரெஸ்யூமேயிலும் இதே மூன்று, இதே வரிசையில். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு இந்த இடைவெளி கூடியிருக்கிறது. ஒரு லாகின் பக்கத்தை எழுதிக்கொடுக்க இப்போது ஃப்ரெஷர் தேவையில்லை. எழுதப்பட்டதைப் படித்து, அது சரியா என்று சொல்ல ஆள் தேவை.

## பயிற்சி நிலையம், அதாவது பூட்கேம்ப்

இந்த வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப் இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. அதுவே 2017-இல் மூடப்பட்டது. "இப்போது கட்ட வேண்டாம், வேலை கிடைத்தபின் சம்பளத்தில் பங்கு கொடு" என்ற முறையைப் பிரபலமாக்கிய லாம்ப்டா ஸ்கூல் பிறகு ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அதன் மேல் நடவடிக்கை எடுத்தது. விளம்பரத்தில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று இருந்தது. நிறுவனத்தின் உள்கணக்கு 50 சதவீதத்தை ஒட்டி இருந்தது, சில பேட்ச்களில் 30 வரை இறங்கியிருந்தது. மாணவர்களுக்குக் கடன் கொடுப்பதிலிருந்தே அந்த நிறுவனம் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது.

நம் ஊர்க் கதையில் "நூறு சதவீதம்" என்பதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "அசிஸ்டன்ஸ்" என்று இருக்கும். வேலை தருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை, தேட உதவுகிறேன் என்றுதான் சொன்னார்கள். சதவீதத்தின் கீழே உள்ள எண்ணையும் கேளுங்கள். சேர்ந்தவர்களில் இத்தனை பேரா, அல்லது வருகைப்பதிவு சரியாக வைத்து, மாக் டெஸ்ட் எல்லாம் தேறி, "எலிஜிபிள்" ஆனவர்களில் இத்தனை பேரா? அறுபது பேரில் இருபது பேரை மட்டும் எலிஜிபிள் ஆக்கி, அந்த இருபது பேருக்கும் வேலை கிடைத்தால் அதுவும் நூறு சதவீதம்தான். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்கென்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. வேலை உத்தரவாதம் என்று பொய்யாகச் சொல்வதை அது தடுக்கிறது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இனி, மறைந்திருக்கிற செலவு. ஃபீஸ் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,18,000. மாதம் எட்டாயிரத்துக்கு ஒரு பி.ஜி. ஹாஸ்டல் கிடைத்தால் ஆறு மாதத்துக்கு 48,000. கோர்ஸ் முடிந்த அன்றே வேலை வராது, தேடுகிற மூன்று மாதத்துக்கு இன்னொரு 24,000. ஒரு லட்சம் என்று ஆரம்பித்தது 1,90,000-இல் வந்து நிற்கிறது. சாப்பாட்டு மிச்சமும் பஸ் காசும் இதில் சேரவில்லை.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்பதில் இன்னும் கவனம் வேண்டும். அது இன்ஸ்டிட்யூட் தருகிற தவணைச் சலுகை இல்லை. பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ போடுகிற கடன். பணம் முதலிலேயே இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடும். இரண்டாவது மாதம் பிடிக்காமல் நின்றாலும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். கட்டாமல் விட்டால் அப்பாவின் சிபில் ஸ்கோர் அடிபடும். "வேலை கிடைத்தபின் கட்டு" என்ற ஒப்பந்தமாக இருந்தால் மூன்றைப் பாருங்கள்: எவ்வளவு சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும், உச்சவரம்பு எவ்வளவு, எந்த வேலை "வேலை" என்று கணக்கில் வரும். டெலிசேல்ஸ் வேலை கிடைத்தாலும் கட்ட வேண்டும் என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு அந்த ஆறு மாதம் வீண் இல்லை என்றேனே. நல்ல பயிற்சி நிலையம் மூன்றைத் தருகிறது: ஒரு டைம்டேபிள், கூட உட்கார நாலு பேர், வீட்டைவிட்டு வெளியே வர ஒரு நியாயமான காரணம். கடைசியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்து "சும்மாதானே இருக்கா" என்று வரன் பேச ஆரம்பிக்கிற ஊர் நம் ஊர். "கோர்ஸ் படிக்கிறா" என்ற ஒரு வார்த்தை ஆறு மாதம் வாங்கிக்கொடுக்கும். அப்புறம், ஒரு ஆப்பை முழுசாக முடித்து இணையத்தில் ஏற்றி ஓடவிட்ட அனுபவம். நான்கு வருடம் பி.இ. படித்தும் கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் (Git) என்ற டூலை ஒரு முறைகூடத் தொடாதவர்கள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

யாருக்கு இது பொருந்தும்? கையில் ஒரு பட்டம், அரியர் இல்லை, ஏற்கெனவே இரண்டு மாதமாவது சொந்தமாகக் கோடு எழுதிப் பார்த்து அது பிடித்திருக்கிறது, கடன் வாங்காமல் கட்ட முடியும், ஆனால் தனியாக உட்கார்ந்தால் ஓடவில்லை. இப்படிப்பட்டவருக்கு ஃபீஸ் வீண் போகாது.

காசு கட்டுமுன் இன்னொன்று. இப்போது கல்லூரியில் இருக்கிறவர்களுக்குத் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இலிருந்து இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்குத் தாட்கோ இலவசத் திறன் பயிற்சிகளை நடத்துகிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஜோஹோ ஸ்கூல்ஸைப் பாருங்கள். 2005-இல் தொடங்கியது, ஃபீஸ் கிடையாது, உதவித்தொகையும் தருவார்கள்.

## சொந்தமாகப் படிப்பது

பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் என்ற ப்ரோகிராம் மொழியில் நடத்தும் எட்டு வாரப் பாடம், ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் பணம். ஹார்வர்டின் சி.எஸ்.50, ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட் எல்லாமே இலவசம். தமிழில் படித்துத் தொடங்க வேண்டுமென்றால் கணியம் அறக்கட்டளையின் மின்னூல்கள் இருக்கின்றன. தரத்தில் இவற்றை மிஞ்சுகிற கட்டணப் பயிற்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருப்பது எழுதுவது போலவே தோன்றும். நாற்பது மணி நேர வீடியோ பார்த்து முடித்தவரிடம் ஒரு ஃபைலைத் திறந்து வரிகளை எண்ணுகிற ப்ரோகிராம் எழுதுங்கள் என்றால் கை நிற்கும். தப்பாகப் புரிந்துகொண்டதைத் தப்பு என்று சொல்ல யாரும் இல்லை. மூன்றாவது வாரம் உறவினர் கல்யாணம் வரும், அதோடு போயிற்று.

இதற்கு மருந்து ஆட்கள்தான். சென்னையில் பைத்தான் பயனர்களின் சென்னைபை குழு மாதாமாதம் கூடுகிறது. லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கிறது. உள்ளே போக பட்டம் கேட்பதில்லை, காசும் கேட்பதில்லை. அங்கே யாராவது பராமரிக்கிற ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டில், அதாவது கோடு எல்லோருக்கும் திறந்திருக்கிற ப்ராஜெக்டில், ஒரு சின்னக் கோளாறைத் திருத்திக் கொடுத்துப் பாருங்கள். அடுத்தவர் கோடைப் படிக்கிற பழக்கம் அங்கேதான் வருகிறது, அதுவும் சும்மா. என் கேள்விக்கு ஐந்தரை மணி வித்தியாசம் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்த ஒரே ஃப்ரெஷர் இப்படி வந்தவர்தான். பி.ஏ. வரலாறு. அவரைக் கூப்பிட்டதும் எச்.ஆர். அனுப்பி இல்லை, எங்கள் டீமில் ஒருவர் கைகாட்டி. வாசல் என்று மேலே சொன்னேனே, இந்த வழியின் பலவீனம் அதுதான்.

## எம்.சி.ஏ.

2020-இலிருந்து இது இரண்டே வருடப் படிப்பு. பிளஸ் டூவிலோ பட்டத்திலோ கணிதம் படித்திருந்தால் பி.எஸ்சி.காரர் மட்டுமில்லை, பி.காம்.காரரும் போகலாம். நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் டான்செட், என்.ஐ.டி.களுக்கு நிம்செட்.

பாடத்திட்டம் பழசாக இருக்கலாம், அதற்காக யாரும் எம்.சி.ஏ. சேருவதில்லை. வாசலுக்காகச் சேருகிறார்கள். பெரிய சர்வீஸ் கம்பெனிகள் கேம்பஸில் எடுக்கும்போது எந்தப் பட்டம் என்பதுதான் முதல் வடிகட்டி. டி.சி.எஸ்.ஸில் நிஞ்ஜா என்ற தொடக்க நிலை வேலைக்கு வருடம் 3.36 லட்சம், அதற்கு மேலான டிஜிட்டல் நிலைக்கு 7 லட்சம் என்று பல வருடங்களாகப் பேசப்படுகிறது. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் 2.52 லட்சத்துக்கு ஆள் எடுக்கிறது என்று இணையமே கொந்தளித்தபோது, அது மூன்று வருடப் பட்டதாரிகளுக்கானது, இன்ஜினியர்களுக்கு வேறு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்த விளக்கமே பட்டத்தின் விலை என்ன என்று காட்டிவிட்டது. வேலை கிடைக்காவிட்டாலும் பட்டம் மிஞ்சும், கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வு எழுதவும் வங்கித் தேர்வு எழுதவும் அது செல்லும். பயிற்சி நிலையச் சான்றிதழுக்கு இந்தப் பயன் இல்லை.

பணம் மட்டுமில்லை, இரண்டு வருடச் சம்பளமும் போகிறது. வேலையை விட முடியாதவர்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். படிப்பு உண்டு. வயது வரம்பு இல்லை, பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். நடுவில் டிப்ளமோவோடு வெளியேறவும் வழி இருக்கிறது. தகுதித் தேர்வே பலரை வடிகட்டிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

## குறைந்த சம்பளத்தில் உள்ளே நுழைவது

சின்ன கம்பெனி, டெஸ்டிங், சப்போர்ட், அப்ரென்டிஸ். தரமணியில் இருக்கும் பயிற்சி வாரியம் வழியாக வரும், மத்திய அரசின் நாட்ஸ் திட்டத்து அப்ரென்டிஸ் இடங்களில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 9,000 ரூபாய் என்று 2019-இல் நிர்ணயித்தார்கள். சென்னையில் அதை வைத்து வாழ முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் நாளே அடுத்தவர் கோடு உங்கள் முன்னால் இருக்கும். என் மூன்றாவது அளவுகோலில் இந்த வழியை மற்ற எதுவும் நெருங்க முடியாது. இரண்டு வருடம் கழித்து ரெஸ்யூமேயில் "அனுபவம்" என்ற சொல் வந்துவிடும். அப்புறம் சதவீதத்தை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்துக்குப் போகாதீர்கள். இத்தனை வருடம் விடமாட்டேன் என்று கையெழுத்து வாங்குகிற பாண்டை வரிவரியாகப் படியுங்கள். "இரண்டு லட்சம் கொடு, எம்.என்.சி.யில் பேக்டோர்" என்கிற ஆட்களையும், அனுபவச் சான்றிதழ் விற்கிறவர்களையும் தூரத்திலேயே நிறுத்துங்கள். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணில் உள்ள பதிவைப் பார்த்தாலே யார் எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தார்கள் என்று தெரிந்துவிடுகிற காலம் இது.

| | பயிற்சி நிலையம் | சொந்தமாக | எம்.சி.ஏ. | குறைந்த சம்பள நுழைவு |
|---|---|---|---|---|
| மொத்தச் செலவு | ஏறக்குறைய இரண்டு லட்சம், கடன் ஆபத்து | பணம் குறைவு, காலம் அதிகம் | ஃபீஸ், இரண்டு வருடச் சம்பளம் | கைக்காசு போட வேண்டியிருக்கும் |
| வாசல் | அவர்களுடைய கம்பெனிகளைப் பொறுத்தது | தெரிந்தவர் கைகாட்டினால் | நான்கிலும் நல்லது | முதல் வேலைக்குப் பின் திறக்கும் |
| அடுத்தவர் கோடு | அரிது | தேடிப் போனால் | அரிது | தினமும் |
| முடிப்பீர்களா | டைம்டேபிள் இழுக்கும் | பலர் விட்டுவிடுகிறார்கள் | பரீட்சை இழுக்கும் | சம்பளம் இழுக்கும் |
| தோற்றால் மிஞ்சுவது | ப்ராஜெக்ட், நண்பர்கள், தவணை | படித்தது | பட்டம் | அனுபவம் |

## அந்த மூன்று பேருக்கு

திண்டிவனம்: நகையைத் தொட வேண்டாம். கணிதம் படித்தவர், டான்செட் எழுதி அரசு கல்லூரியில் எம்.சி.ஏ. கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. அதுவரைக்கும் முகுந்தின் எட்டு வாரத்தை முடிக்கச் சொன்னேன். இடம் கிடைக்காவிட்டால், மாதாமாதம் நேராகக் கட்டி வேண்டாமென்றால் நின்றுகொள்ளக்கூடிய கோர்ஸாகப் பார்க்கலாம். கடன் பேப்பரில் கையெழுத்து கேட்டால் வேண்டாம்.

திருச்சி: பணம் கட்டுமுன் ஒரே கேள்வியை எழுத்தில் கேட்கச் சொன்னேன். "56 சதவீதம், மூன்று வருட இடைவெளி உள்ளவரை உங்கள் கம்பெனிகளில் எத்தனை ஏற்றுக்கொள்ளும்?" பதில் எழுத்தில் வரவில்லை, ஃபோனில் மட்டும் வந்தது. "வாங்க தம்பி, பாத்துக்கலாம்." அவருக்கு நான் நான்காவது வழியைத்தான் சொல்லுவேன். கோயம்புத்தூர்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் செய்கிற சின்ன கம்பெனிகளில் மெக்கானிக்கல் படிப்பு குறையாகத் தெரியாது, லேத் எப்படி ஓடும் என்று தெரிந்தவர் அங்கே தேவை. பைத்தானும், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கிற மொழியான எஸ்.கியூ.எல்.லும் மூன்று மாதம் வீட்டிலேயே படித்துவிட்டு நேரில் போய்க் கதவைத் தட்டட்டும்.

பி.பி.ஓ. நண்பருக்கு வேலையை விடாதீர்கள் என்பதைத்தான் முதலில் சொன்னேன். ஆன்லைன் பி.எஸ். பற்றிச் சொன்னேன். உங்கள் ஆபீசிலேயே ஐ.டி., ஆட்டோமேஷன் டீம் இருக்கும், அங்கே உள்மாற்றம் கேட்க முடியுமா என்று விசாரிக்கச் சொன்னேன். ஃபோனை வைக்கிற நேரத்தில், தினமும் இரவு இரண்டு மணி நேரம் பிடித்த ஒரு ரிப்போர்ட்டைப் போன வருடம் ஒரு எக்செல் மேக்ரோ (எக்செலுக்குள் ஓடுகிற சின்ன ப்ரோகிராம்) எழுதிப் பத்து நிமிடத்துக்குக் கொண்டுவந்ததாகவும், மூன்று ஷிஃப்ட்டும் இப்போது அதைத்தான் ஓட்டுகிறது என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். அதை யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்டேன். "நான்தான் சார், உடைஞ்சா என்னைத்தான் எழுப்புவாங்க." இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன்.

"அது வெறும் எக்செல்தானே சார்" என்றார்.